வலி தொடங்கிய தேதி

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் மகன் கணேசன் சாப்பாட்டு மேசையில் நாலு தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேலைக்கு லீவு போட்டிருந்தான். கனடாவுக்கு வந்த இருபது வருஷத்தில் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவன்.

"அம்மா, இங்க ஒரு கட்டம் இருக்கு. கோளாறு எந்தத் தேதியில ஆரம்பிச்சதுன்னு கேட்டிருக்கு."

"உனக்குத் தெரியாததா?"

"நாலாவது தடவை அவன்ட்ட போனோம்ல, அந்தச் செவ்வாக்கெழமதான?"

நான் தலையை ஆட்டினேன். அவன் எழுதினான்.

அவன் என்று கணேசன் சொன்னது ஒரு முதுகெலும்பு வைத்தியரை. கைரோபிராக்டர் என்று இங்கே சொல்கிறார்கள். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. வருஷக்கணக்கில் படித்துவிட்டு, கையாலேயே அழுத்தியும் திருப்பியும் முதுகின் பூட்டுகளை இளக்கிவிடுகிறவர்கள். அந்த மனிதர் என் முதுகைக் கெடுத்துவிட்டார் என்று அவர்களை மேற்பார்க்கிற அலுவலகத்துக்குக் கணேசன் எழுதிக்கொண்டிருந்தது புகார் மனு. வருஷம் ஒன்று திரும்புவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்று ஒரு வைராக்கியம் அவனுக்கு.

எனக்கு இப்போது வலது பாதம் தூக்க வராது. நாலு கால் வைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நடக்கிறேன். சிறுநீர் தானாகப் பிரியாது. ஒரு நாளைக்கு நாலு தடவை நானே மெல்லிய குழாய் போட்டு எடுத்துவிட வேண்டும். பேத்தி தன் பழைய போனில் அதற்கு மணி வைத்துக் கொடுத்திருக்கிறாள். மணி அடித்தால் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றாமலே, "ஆச்சி, டைம்," என்று மாடியிலிருந்து குரல் கொடுப்பாள். அவளும் நானும் பேசிக்கொள்வது அனேகமாக அவ்வளவுதான்.

கணேசன் எழுதிய தேதி தப்பு. அது தப்பு என்பது இந்த வீட்டில் அன்றைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும்.

2

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்து இதைப் படிக்கிறவர்களில் என்னோடு மில்லில் வேலை பார்த்த பெண்கள் இருப்பீர்கள். நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மூணாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் கோணல் இல்லை.

எனக்கு முதுகுவலி வந்தது அரிசி மூட்டையால். போன வருஷம் பனிக்காலம். மருமகள் சுமதி கடையிலிருந்து வந்து காரின் பின்கதவைத் திறந்தாள். இருபது கிலோ பை.

"அத்த, நீங்க தொடாதீங்க. அவுக வந்து எடுப்பாக," என்றாள்.

அந்தச் சொல்தான் எனக்கு ஆகவில்லை. முப்பது வருஷம் நூல் நூற்கிற ரிங் பிரேம் முன்னால் நின்று, அறுந்த நூலை முடித்துக்கொண்டே நாளெல்லாம் நடந்தவள் நான். எனக்கு இருபது கிலோ ஒரு கனமா? குனிந்தேன், தூக்கினேன், படியேறிச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது இடுப்பில் ஒரு நரம்பு சுண்டியது. சுமதி பார்த்துக்கொண்டிருந்ததால் சிரித்தேன்.

மூன்றாம் நாள் வலி இடுப்பிலிருந்து பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்கியது. இங்கே நினைத்த நேரத்தில் டாக்டரைப் பார்க்க முடியாது. போன் போட்டால் ஒரு பெண்ணின் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிக்கொண்டே இருக்கும். தேதி கிடைக்க இரண்டு வாரம் ஆனது. போன இடத்தில் மொழிபெயர்க்க ஒருவரைப் போனில் பிடித்துக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் போலிருக்கிறது. நல்ல மரியாதை.

"அம்மா, நோ எவ்வளவு எண்டு டொக்டர் கேக்கிறார். ஒண்டில இருந்து பத்துக்குள்ள ஒரு இலக்கம் சொல்லுங்கோ."

பத்து என்றால் என்ன என்று நான் யோசித்தேன். எங்கள் மில்லில் சரஸ்வதியின் விரல்கள் மெஷினில் போனபோது அவள் அலறியது பத்து. கணேசன் கால் முதலாக வந்து பிறந்தது ஒன்பது. அதற்குப் பக்கத்தில் இந்த இடுப்பு எம்மாத்திரம்?

"ரெண்டு," என்றேன்.

டாக்டர் இரண்டு என்று எழுதிக்கொண்டார். இரண்டுக்கு உள்ள மருந்தைக் கொடுத்தார். நாலு வாரத்தில் குறையாவிட்டால் வரச் சொன்னார். வெளியே வந்து கார் கதவைப் பிடித்துக்கொண்டு அரை நாழிகை உட்கார முடியாமல் நின்றேன். கணேசன் பார்த்தான்.

பிறகுதான் தெரிந்தது, அந்த எண் தைரியத்துக்குக் கேட்கிற எண் இல்லை என்று. நம்மால் உட்கார முடிகிறதா, தூங்க முடிகிறதா, செருப்பு மாட்ட முடிகிறதா என்பதை அதை வைத்துத்தான் அவர்கள் அளக்கிறார்கள். இரண்டு என்று சொன்னவளை வரிசையில் கடைசியாகத்தான் நிறுத்துவார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை.

3

மில் பேச்சை இங்கே எடுக்க வேண்டியிருக்கிறது. பெருமைக்கு எடுக்கவில்லை. நடந்ததற்குக் காரணம் அங்கேதான் கிடக்கிறது.

எங்கள் ஷிப்டில் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் மேஸ்திரியிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் ஆம்பளை. அவர் சரி என்று சொல்லி, நம் இடத்தில் நிற்க இன்னொருத்தியைப் பிடித்து விட்ட பிறகுதான் நகரலாம். மெஷின் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது.

"என்னட்டி, சத்தமாச் சொல்லு!" என்பார்.

சத்தமாகச் சொன்னால், "இப்பத்தானட்டி போயிட்டு வந்த? வீட்ல கெணத்தையே குடிச்சிட்டு வந்தியா?" என்று பத்துப் பேர் சிரிக்கப் பேசுவார்.

அதற்குப் பயந்து பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருவோம். நான் அதில் மற்றவர்களை விட ஒருபடி மேல். வேலைக்குச் சேர்ந்த மாதத்தில் ஒரு தடவை கேட்டேன். அவர் சிரித்தார். அதோடு சரி. முப்பது வருஷத்தில் மறுபடி கேட்டதில்லை. வீட்டில் போய்விட்டுக் கிளம்பினால் திரும்பி வீட்டுக்கு வந்துதான். வயிறு கல்லாக இருக்கும், முகத்தில் தெரியாது.

என்னோடு பக்கத்து மெஷினில் நின்றவள் பேச்சியம்மாள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, "இவளப் பாத்துக்கோங்கட்டி. இவளுக்குச் சாமி அந்தச் சோலியே வைக்கல," என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். வேறு எதில் எனக்குப் பெருமை கொடுத்தார்கள்? படிப்பிலா, நகையிலா? இதில்தான்.

4

மருந்துக்குக் கேட்காமல் போகவே, கணேசனோடு வேலை பார்க்கிறவர் யாரோ சொல்லி, அந்தக் கைரோபிராக்டரிடம் கூட்டிப் போனான். வயசு முப்பதுதான் இருக்கும். மேசையில் ஒரு கைக்குழந்தையின் படம். நான் அதைப் பார்த்ததைக் கவனித்து, ஐந்து மாசம் என்று கையை விரித்துக் காட்டிச் சிரித்தார்.

உடனே முதுகில் கை வைக்கவில்லை. முக்கால் மணி நேரம் கேள்வி. எலும்பு தேய்மானம் உண்டா, கீழே விழுந்தாயா, காய்ச்சல் அடிக்கிறதா, மெலிந்துபோனாயா, ரத்தம் இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறாயா. எல்லாவற்றுக்கும் கணேசன்தான் நடுவில். ஒரு கேள்விக்கு மட்டும் அவன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அம்மா... ஒன்னுக்கு, ரெண்டுக்கு எல்லாம் சரியாப் போகுதான்னு கேக்காரு. உக்காருற எடத்துல மரத்துப் போயிருக்கான்னும் கேக்காரு."

"அதெல்லாம் ஒன்னுமில்ல," என்றேன். அன்றைக்கு அது உண்மை.

வயதான எலும்பு என்பதால் நெட்டி முறிக்கிற வேலை வேண்டாம் என்று சொல்லி, மெதுவாகவே அழுத்தி இழுத்துவிட்டார். வீட்டில் செய்ய இரண்டு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மூன்று தடவை போனேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், வலி பாதியாகக் குறைந்தது. ஊருக்குப் போகலாம் என்ற நினைப்பே அப்போதுதான் திரும்ப வந்தது. தை பிறந்ததும் ராஜபாளையம் போய் என் வீட்டைத் திறந்து, இனி அங்கேயே இருந்துவிடுவது என்று எனக்கு ஒரு திட்டம். கணேசனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும், "நடை நல்லாயிட்டா போ," என்று சொல்லியிருந்தான். பேச்சியிடம் போனில் சொன்னேன்.

"வா, வா. புரட்டாசி சனிக்கெழம திருவண்ணாமல ஏறுவோம். நீ பாதி படியில உக்காந்தா நான் விட்டுட்டு மேல போயிருவேன், இப்பமே சொல்லிட்டேன்."

"நீ ஏறுற லட்சணம் எனக்குத் தெரியாதாக்கும். மொதப் படியிலயே மூச்சு வாங்குவ," என்றேன்.

சிவன் கோவில் திருவண்ணாமலை இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பெருமாள் மலைக்கோவில் அது. நூறு தடவை ஏறியிருப்பேன்.

5

நாலாவது தடவை போக வேண்டிய செவ்வாய்க்கிழமைக்கு முந்தின ஞாயிறு. காலையில் எழுந்தேன். மத்தியானம் வரை ஒன்றுக்குப் போகவில்லை என்பது சாப்பிடும்போதுதான் நினைவுக்கு வந்தது. முட்டவும் இல்லை. போய் உட்கார்ந்தேன், வரவில்லை. சாயங்காலம் கொஞ்சம் சொட்டியது, அவ்வளவுதான்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நம் உடம்பு இன்னும் மறக்கவில்லையே என்று நினைத்தேன். மில்லில் பழகிய உறுதி இத்தனை வயசிலும் போகவில்லையே என்று ஒரு சந்தோஷம்கூட. அடக்குவதற்கும் முட்டல் தெரியாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. முதலாவதில் நான் எஜமானி. இரண்டாவதில் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கே உட்காருகிற இடம் மரத்திருந்தது. வெந்நீரில் குளிக்கும்போது சூடு தெரியவில்லை. குளிர் நாடு, இப்படித்தான் இருக்கும் என்று இரண்டு பாவாடை சேர்த்துக் கட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை மருமகள் துவைக்கிற துணியில் தெரியாமல் சொட்டி ஈரமான உள்பாவாடையைச் சேர்க்காமல், நானே குளியலறையில் அலசிக் காயப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கைரோபிராக்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் கேட்பார். கணேசன் அதே சுவரைப் பார்த்துக்கொண்டு, "அது எல்லாம் எப்பவும் போலத்தானம்மா?" என்றான்.

பெற்ற பிள்ளை. நாற்பத்தெட்டு வயசு. அவன் வாயால் அந்தப் பேச்சை இன்னொரு ஆம்பளைக்கு இங்கிலீஷில் சொல்ல வைக்க என்னால் ஆகவில்லை.

"எப்பவும் போலத்தான்," என்றேன்.

அவர் எப்போதும் போல மெதுவாகத்தான் அழுத்தினார். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கினேன், வலது பாதம் செருப்புக்குள் போகவில்லை. தொங்கியது.

6

அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனில் பேச்சியிடம் கால் தொங்குகிறது என்று மட்டும் சொன்னேன்.

"ஏட்டி, ஊசி குத்திப் பாரு. இங்க ஒருத்தரு கைல, கால்ல மெல்லிசா ஊசி குத்துதாரு. எனக்கு முட்டி வலி எம்புட்டோ கொறஞ்சிருச்சு. அது சீனாக்காரவிய வைத்தியமாம். அங்கதான் சீனாக்காரவிய நெறைய இருப்பாகள்ல?"

"இருக்காக."

"பொறவென்ன? தெருக்கோடி வீட்டுல மருந்த வச்சிக்கிட்டு முழிக்கியே!"

அவளைக் குறை சொல்லவில்லை. நான் சொன்னதை வைத்துத்தானே அவள் சொல்வாள். கணேசனிடம் ஊசி வைத்தியம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வியாழக்கிழமை போனேன். அக்குபங்சர் என்று பலகை போட்டிருந்தது. என் வயசுள்ள சீனப் பெண்மணி. தமிழும் தெரியாது, இங்கிலீஷும் நாலு வார்த்தைதான். கணேசனை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பாதத்தைத் தூக்கச் சொன்னார். தூக்க வரவில்லை. பாவாடைக்கு மேலேயே தொடையின் உள்பக்கத்தைப் பென்சில் நுனியால் தொட்டு, தெரிகிறதா என்று கண்ணால் கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். அடிவயிற்றில் கை வைத்தார். பானை மாதிரி இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். அவரிடம் சொல்ல எனக்குப் பாஷை இல்லை, அதனால் மறைக்கவும் முடியவில்லை.

ஊசிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. கதவைத் திறந்து கணேசனிடம், "ஹாஸ்பிடல். நவ்," என்றார். அவன் ஏதோ கேட்டான். "நவ்!" என்று அதட்டினார்.

முதுகுத் தண்டின் அடியில் குதிரை வால் போல ஒரு கற்றை நரம்பு இறங்குகிறதாம். எலும்புக்கு நடுவில் இருக்கிற வட்டு பிதுங்கி அதை மொத்தமாக நெரித்துவிட்டது. அன்றைக்கே அறுத்தார்கள். முன்னதாக ஒரு டாக்டர் கேட்டார், சிறுநீர் எப்போதிலிருந்து வரவில்லை என்று. கணேசன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். செவ்வாய் காலையில் எப்பவும் போலத்தான் என்று அவனிடம்தான் சொல்லியிருந்தேன்.

"செவ்வா சாயங்காலத்துல இருந்து," என்றேன்.

அந்த ஒரு சொல்லில்தான் கணேசன் கணக்குப் போட்டான். செவ்வாய் காலையில் அழுத்தினான், செவ்வாய் மாலையில் நின்றது. பிறகு வேறு யோசனையே அவனுக்கு வரவில்லை. மணி நேரக் கணக்கில் வந்திருக்க வேண்டிய நோய் இது, நாள் கணக்கில் வந்திருக்கிறாய், இனி எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் அறுத்த டாக்டர். ஒரு வருஷத்தில் ஒன்றும் திரும்பவில்லை. இனி எதிர்பார்க்க வேண்டாம் என்று போன மாதம் சொல்லிவிட்டார். ஊர்ப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை.

பெண்களே, முதுகு பிடித்தால், கழுத்து இறுகினால், முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள். அவர் பயமில்லை என்று சொன்ன பிறகு, கையால் சரிசெய்கிறவரிடமும் போகலாம், ஊசி வைத்தியரிடமும் போகலாம். குறையும். எனக்கே குறைந்ததே. படித்தவரா, புது ஊசி போடுகிறாரா என்று பாருங்கள். ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, உட்காருகிற இடம் மரத்தாலோ, ஒன்றுக்கு முட்டாமல் போனாலோ, தெரியாமல் ஒழுகினாலோ அவர்களிடம் போகாதீர்கள். அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரி. பையன் பக்கத்தில் நிற்கிறானே என்று பார்க்காதீர்கள். அவனை வெளியே போகச் சொல்லுங்கள். சொன்னால் போய்விடுவான். எனக்கு அது தோன்றவே இல்லை.

7

மனு எழுதத் தொடங்கின வாரமே வியாழக்கிழமை கணேசன் அதை முடித்துவிட்டுத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டினான். அவனுடைய உரிமத்தையே பறிக்கணும், இன்னொருத்தர் அம்மாவுக்கு இப்படி ஆகக் கூடாது என்றான். எனக்கு அந்தக் கைக்குழந்தையின் படம் ஞாபகம் வந்தது. இப்போது நடக்கிற வயசாயிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் தாள்களை உறையில் போடும்போது சொன்னேன்.

"கணேசா, அந்தத் தேதிய அடி."

"ஏம்மா?"

"செவ்வா இல்ல. ஞாயித்துக்கெழம."

அவனுக்கு விளங்கவில்லை. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, மரத்தது, பாவாடை அலசியது எல்லாம். சுமதி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை நிறுத்திவிட்டாள்.

"அவரு கேட்டாருல்ல," என்றான். அவன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவரு என்றான். "நான் என் வாயால கேட்டேன்லம்மா, எல்லாம் எப்பவும் போலத்தானான்னு?"

"கேட்ட."

"நீ என்ன சொன்ன?"

"எப்பவும் போலத்தான்னு சொன்னேன்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா இந்நேரம் நீ ஊர்ல இருப்பம்மா."

"ஆமா."

"ஆஸ்பத்திரியிலயும் மாத்திச் சொல்லியிருக்க."

"ஆமாய்யா."

சுமதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "அத்த, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் முன்னால்தானே நான் அரிசி மூட்டையைத் தூக்கினேன்.

கணேசன் நாலு தாளையும் உறையிலிருந்து எடுத்தான். கிழிக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஓரம் சேர்த்து வைத்தான். மறுபடி ஓரம் சேர்த்தான்.

"ஒரு வருசமா அந்த ஆளத் திட்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன், அவரத் திட்டிக்கிட்டுத்தான் தூங்குதேன்," என்றான். "இனி நான் யாரத் திட்ட?"

"என்னத் திட்டுலே."

அவன் என் முகத்தைப் பார்த்தான். திட்டுவான் என்றுதான் நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டு, சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "வாரேம்மா," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். மாத்திரையை எடுத்து வைக்கிறான். கம்பியின் கால் ரப்பர் தேய்ந்தால் மாற்றுகிறான். கேட்டதற்குப் பதில் சொல்கிறான். திட்டத்தான் மாட்டேன் என்கிறான்.